காடைக்காக எரிக்கப்படும் காடு

காடை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது முட்டைதான். பாசார் மாலாமில் புள்ளி போட்ட சின்னச் சின்ன ‘புயு’ முட்டைகளை அவித்து விற்பார்கள். பிள்ளைகள் ஒரே வாயில் போட்டுக்கொள்வார்கள். அந்தப் பறவையை உயிரோடு பார்த்தவர்கள் நம்மிடையே குறைவு. காட்டில் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

அமெரிக்காவின் தென்பகுதியில் அதற்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லத்தக்க ஒரு பறவை இருக்கிறது. ஆண் பறவை ‘பாப்... வைட்’ என்று கூவுவதால் அதற்குப் பெயரே பாப்வைட். உள்ளங்கையில் அடங்கும், 170 கிராம் இருந்தால் அதிகம். இந்தச் சின்னப் பறவைக்காக அங்கே ஏறத்தாழ 3 லட்சம் ஏக்கர் நிலத்தை நூறு வருடத்துக்கும் மேலாகக் கட்டிக் காத்து வருகிறார்கள். அதே நிலத்தை ஆண்டுதோறும் பகுதி பகுதியாகக் கொளுத்தியும் விடுகிறார்கள். காப்பதும் கொளுத்துவதும் ஒரே காரியத்துக்குத்தான். குதிரையில் ஏறி, நாய்களை முன்னே விட்டு, அந்தப் பறவையைத் தேடிப் போய்ச் சுட வேண்டும்!

அட்லாண்டாவில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது மருமகனின் அலுவலக நண்பர் ஒருவர் மூலம் இதை நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. நண்பரின் பெரியப்பா, ஜார்ஜியா மாநிலத்தின் தெற்கு ஓரத்தில் ஒரு பெரிய எஸ்டேட்டில் நாய்களைப் பழக்குபவர். காரில் நாலு மணி நேரம். தாமஸ்வில் என்ற சிற்றூருக்கும், எல்லைக்கு அப்பால் ஃபுளோரிடாவின் தலைநகரான டலஹாசிக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தை ‘ரெட் ஹில்ஸ்’ என்கிறார்கள். மண் செம்மண். எனக்கு உடனே சொந்த ஊர் போல இருந்தது.

பிப்ரவரிக் குளிர். வெயில் ஏறி, புல்லில் இருந்த பனி கொஞ்சம் காய்ந்த பிறகுதான் கிளம்பினார்கள். முன்னே இரண்டு நாய்கள். அவற்றுக்குப் பின்னால் குதிரையில் பெரியவர், அவருக்குத் துணையாக இன்னொரு குதிரையில் ஓர் இளைஞர். அடுத்து, துப்பாக்கியைச் சேணத்தோடு தொங்கும் தோலுறையில் செருகிக்கொண்டு வேட்டைக்கு வந்த இரண்டு பேர். எல்லாருக்கும் கடைசியில் ஒரு ஜோடி கோவேறு கழுதைகள் இழுக்கும் வண்டி. வண்டிக்கு ரப்பர் டயர், மெத்தை வைத்த இருக்கை. இருக்கைக்கு அடியில் கூண்டுகளில் இன்னும் எட்டு நாய்கள். ஒரு ஜோடி களைத்தால் அடுத்த ஜோடி இறங்கும். சுடத் தெரியாத என்னைப் போன்றவர்களுக்கும், காப்பிக் குடுவைக்கும் இடம் அந்த வண்டியில்தான்.

இதற்குக் குதிரை எதற்கு என்று முதலில் எனக்கும் புரியவில்லை. நாய்கள் இறங்கியதும் புரிந்தது. பாயிண்டர் என்ற அந்த இனம் நம் கால் பக்கத்தில் முகர்ந்துகொண்டு நடக்கிற நாய் இல்லை. அவிழ்த்துவிட்டால் நானூறு ஐந்நூறு மீட்டர் தள்ளிப் போய், இடமும் வலமுமாக வெட்டி வெட்டி ஓடுகிறது. புல் இடுப்பளவு. நடந்து போகிறவனுக்கு நாய் கண்ணிலேயே படாது. குதிரை மேல் இருந்தால் அந்த வெள்ளை உடம்பு புல்லுக்கு மேல் தெரிகிறது. அரை நாளில் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருப்பதால் கால்நடையாகப் போகவும் ஏலாது. அவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் டென்னசி வாக்கிங் என்ற வகைக் குதிரை. ஓடாமல் வேகமாக நடக்கும் ஒரு தனி நடை அதற்கு. பிற்பகலில் ஒரு மணி நேரம் என்னையும் ஏற்றினார்கள். இடுப்பு வலிக்கும் என்று பயந்தேன், ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் பார்க்க வேண்டியது குதிரையை அல்ல, நாய் நிற்பதைத்தான்.

முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெட்டை நாய், சுவரில் மோதியது போல் நின்றது. தலை ஒரு பக்கம் திரும்பியிருந்தது; உடம்பு திரும்பக்கூட நேரம் இல்லை. வால் செங்குத்தாக மேலே. ஒரு முன்கால் தூக்கியபடியே. வாயை மூடிவிட்டது, மூக்குத் துவாரம் மட்டும் அசைகிறது. எழுபது எண்பது மீட்டருக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்த மற்ற நாய் இதைத் திரும்பிப் பார்த்தது. அதற்கு எந்த வாடையும் வந்திருக்காது. இருந்தும், முதல் நாய் நிற்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதுவும் அப்படியே நின்றுவிட்டது. ‘நீ சொன்னால் சரி’ என்பது போல. இதை ஆங்கிலத்தில் ‘ஆனர்’ செய்வது, அதாவது மரியாதை செய்வது, என்கிறார்கள். கூட்டங்களில் அடுத்தவரைப் பேசவிடாதவர்களை அங்கே அழைத்துப் போக வேண்டும்.

பெரியவர் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். அவசரம் கிடையாது. இருவர் இறங்கி, துப்பாக்கியை எடுத்து, தோட்டா போட்டுக்கொண்டு நடந்து போகும் வரை அந்த நாய் அசையவில்லை. நாலு நிமிடமாவது ஆகியிருக்கும்.

நாய் ஏன் நிற்கிறது? ஓநாய், நரி எல்லாமே இரை மேல் பாய்வதற்கு முன் ஒரு கணம் உறைந்து நிற்கும். அந்த ஒரு கணத்தைத்தான் மனிதன் பல நூற்றாண்டுகளாகப் பொறுக்கி இனப்பெருக்கம் செய்து நிமிடக் கணக்கில் நீட்டியிருக்கிறான். துப்பாக்கி பரவலாவதற்கு முன்பே ஐரோப்பாவில் இந்த நாய்கள் உண்டு. அப்போது நாய் பதுங்கிக் காட்டும். ஆட்கள் வலையைத் தூக்கிவந்து, சில வேளைகளில் நாயையும் சேர்த்தே, பறவைகள் மேல் போடுவார்கள். செட்டர் என்ற இன்னொரு இனத்துக்குப் பெயர் வந்ததே அந்தப் பதுங்கலால்தான். எட்டு வாரக் குட்டிக்கு முன்னால் ஒரு காடை இறக்கையை நூலில் கட்டி ஆட்டினால் அதுவும் நின்று காட்டுகிறது. யாரும் சொல்லித் தரவில்லை. நிற்பதைக் கற்றுத் தர வேண்டியதில்லை, நின்ற பிறகு பொறுத்திருப்பதைத்தான் கற்றுத் தர வேண்டும், அதற்கு இரண்டு மூன்று வருடம் போகும் என்றார் பெரியவர். பறவை எழுந்தாலும், வெடி வெடித்தாலும் நாய் நகரக் கூடாது.

இந்த ஆட்டத்தில் பறவையின் பங்கும் இருக்கிறது. பாப்வைட் பத்துப் பதினைந்தாகக் கூடி வாழும். இரவில் வால்களை நடுவே சேர்த்து, தலைகள் வெளிப்பக்கம் பார்க்க, வட்டமாக உட்கார்ந்து தூங்கும். எந்தப் பக்கம் ஆபத்து வந்தாலும் ஒன்றையொன்று இடிக்காமல் பறந்துவிடலாம். பகலில் ஆபத்து நெருங்கினால் அதன் முதல் உபாயம் அசையாமல் இருப்பதுதான். காய்ந்த புல்லின் நிறமும் அதன் நிறமும் ஒன்று. ஆகவே அசையாத நாயும் அசையாத பறவைகளும் சில அடி தூரத்தில் எதிரெதிரே இருக்கின்றன. மனிதன் நடுவில் நுழைந்தால்தான் அந்தக் கட்டு உடைகிறது.

உடைந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலடியில் மண்ணே வெடித்தது போல் பத்துப் பன்னிரண்டு இறக்கைகள் ஒரே நேரத்தில். மூன்று வினாடிக்குள் எல்லாம் முடிந்தது. இரண்டு வெடி, ஒரு பறவை விழுந்தது. அன்று காலை முழுக்க எட்டுக் கூட்டம் கண்டார்கள், சுட்டது ஏழு பறவை. ஒரு கூட்டத்தில் இரண்டுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று அந்த எஸ்டேட்டில் கட்டுப்பாடு.

விழுந்த பறவையை வண்டியில் வந்த குட்டை நாய் ஒன்று பொறுக்கிவந்து கொடுத்தது. கையில் வாங்கிப் பார்த்தேன், சூடாக இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. கோழிக் குழம்பு சாப்பிடுகிறவன் இதில் நியாயம் பேச முடியாது என்பது தெரியும், அந்தப் பறவை நம் கோழியைவிட நல்ல வாழ்க்கை வாழ்ந்தது என்பதும் தெரியும். பருந்து, பாம்பு, ரக்கூன், குளிர் என்று பத்துக்கு ஏழு எட்டுப் பறவைகள் ஒரு வருடம்கூடத் தாண்டுவதில்லை, துப்பாக்கி இல்லாவிட்டாலும். எல்லாம் தெரிந்தும், விளையாட்டுக்காகச் சுடுவது மனசுக்கு ஒட்டவில்லை. பெரியவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “எனக்கும் நாய்தான் முக்கியம், ஐயா. அது நின்றவுடன் என் வேலை முடிந்தது” என்றார்.

அவரைப் போல நினைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். டென்னசி மாநிலத்தில் கிராண்ட் ஜங்ஷன் என்ற ஊரையொட்டிய ஏம்ஸ் எஸ்டேட்டில் நூறாண்டு காலம் நடந்துவந்த தேசியப் பறவைநாய்ப் போட்டியின் புகழே இதுதான். 1896-இல் தொடங்கிய போட்டி. ஒரு நாய் மூன்று மணி நேரம் இடைவிடாமல் தேட வேண்டும். நடுவர்கள் குதிரையில், பார்வையாளர்களும் பெருங்கூட்டமாகக் குதிரையில். நாய் நின்று காட்டியதும் பறவைகளைக் கிளப்பிவிட்டு, வெறும் தோட்டாவைத்தான் வெடிப்பார்கள். எந்தப் பறவையும் சாவதில்லை.

இனி அந்த நிலத்தைப் பற்றி. அவர்கள் அதைப் ‘பிளாண்டேஷன்’ என்றே சொல்கிறார்கள். தோட்டத்தில் பிறந்த எனக்கு அந்தச் சொல் உடம்பில் வேறு மாதிரி இறங்குகிறது. 1865-இல் உள்நாட்டுப் போர் முடியும் வரை அங்கே அடிமைகள் பருத்தி விளைவித்தார்கள். போருக்குப் பின் நிலம் மலிந்தது. ரயில் வந்தது. வடக்கே எஃகு, எண்ணெய், கப்பல் என்று சம்பாதித்த குடும்பங்கள் குளிர்காலத்துக்குத் தாமஸ்வில்லுக்கு வந்து தங்கி, காடைகளைக் கண்டு மயங்கி, எஸ்டேட் எஸ்டேட்டாக வாங்கிப் போட்டன. அதிபர் ஐசன்ஹோவர்கூட 1950-களில் அங்கே காடை வேட்டைக்கு வந்து போனவர்தான்.

காடைகள் ஏன் அங்கே அத்தனை இருந்தன? காரணம் ஏழைகள். விடுதலை பெற்ற கறுப்பினக் குடும்பங்கள் வாரத்துக்கு நிலம் வாங்கி, இங்கே ஒரு துண்டு சோளம், அங்கே ஒரு துண்டு பருத்தி என்று பயிரிட்டார்கள். ஓரங்களில் களையும் புதரும். காடைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. துரைமார் குதிரையில் வந்து சுட்ட பறவை, உண்மையில் வாரக்காரரின் வயல் ஓரத்தில் வளர்ந்த பறவை. நாய் பழக்கியவர்கள், வண்டி ஓட்டியவர்கள், குதிரைக்குப் புல் போட்டவர்கள் என்று பெரும்பாலும் அதே குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பெரியவர் அந்த எஸ்டேட்டில் மூன்றாம் தலைமுறை. என் தாத்தா பேராக்கில் பால்மரம் வெட்டியவர் என்று சொன்னதும், “அப்படியானால் உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம்” என்றார். இரண்டும் ஒன்றல்ல, அவர்கள் பட்டது அடிமைத்தனம். ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தில் எங்களுக்குள் ஏதோ சரியாகிவிட்டது.

அவருடைய தாத்தா வருடா வருடம் செய்த ஒரு வேலை, குளிர்காலக் கடைசியில் காட்டுக்குத் தீ வைப்பது. புல் புதிதாகத் துளிர்க்கும், உண்ணி குறையும், பாம்பு தெரியும். அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளும் அதையே செய்தவர்கள். மனிதன் வைக்காவிட்டால் மின்னல் வைக்கும். ஆனால் 1920-களில் அமெரிக்க வனத்துறைக்குத் தீ என்றால் எதிரி. 1928-இலிருந்து மூன்று வருடம் ‘டிக்ஸி குருசேடர்ஸ்’ என்று பெயர் வைத்து, லாரிகளில் சினிமாப் படம் கொண்டுபோய்த் தென்மாநிலக் கிராமங்களில் காட்டி, காட்டை எரிக்காதீர்கள் என்று பிரசாரம் செய்தார்கள்.

அதே நேரத்தில், காடைகள் குறைவதைக் கண்டு கவலைப்பட்ட எஸ்டேட் முதலாளிகள் பணம் போட்டு ஓர் ஆய்வு நடத்தச் சொன்னார்கள். 1924-இல் அந்த வேலைக்கு வந்தவர் ஹெர்பர்ட் ஸ்டாடர்ட். பட்டப்படிப்பு இல்லாதவர்; அருங்காட்சியகத்தில் பறவைகளைப் பாடம் செய்து வைப்பது அவர் தொழில். ஆனால் சிறு வயதில் ஏழு வருடம் ஃபுளோரிடாவின் பைன் காட்டில் வளர்ந்தவர், மாடு மேய்ப்பவர்கள் தீ வைப்பதைக் கண்ணால் பார்த்தவர். காடையின் கூடு, தீனி, எதிரி என்று எல்லாவற்றையும் வருடக்கணக்கில் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: தீயை நிறுத்தினால் காடை போய்விடும். கட்டைவிரல் அளவுக் குஞ்சு அடர்ந்த புல்லுக்குள் நடக்க முடியாது. எரிந்த தரையில்தான் அது பூச்சி பொறுக்கும். எரிந்த பிறகுதான் அதற்கு விதை தரும் பயறு வகைச் செடிகள் முளைக்கும். 1931-இல் வந்த அவருடைய காடைப் புத்தகத்தில் தீயைப் பற்றிய அத்தியாயத்தை வனத்துறையின் எதிர்ப்பால் பலமுறை மாற்றி எழுத வேண்டியிருந்தது. சுருதி குறைந்ததே தவிர, சொல்ல வந்ததை அவர் விடவில்லை.

இதைக் கேட்டபோது என் தயக்கம் உங்களுக்குப் புரியும். 1997, 2015 என்று புகைமூட்டத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ்ந்தவர்கள் நாம். பள்ளிக்கூடத்தை மூடினார்கள், பிள்ளைகளுக்கு இழுப்பு வந்தது. காட்டுக்குத் தீ நல்லது என்றால் நமக்குக் கோபம்தான் வரும். ஆனால் நம் புகை வேறு. அது வாய்க்கால் வெட்டி வற்ற வைத்த கரிச்சதுப்பு மண் எரிவது. மேலே அணைத்தாலும் மண்ணுக்கு அடியில் வாரக்கணக்கில் புகையும். ரெட் ஹில்ஸில் எரிவது முழங்காலளவுப் புல்லும் உதிர்ந்த ஊசியிலையும். காற்றும் ஈரமும் பார்த்து, அனுமதி வாங்கி, சுற்றிலும் மண்ணைக் கீறித் தடுப்புப் போட்டு, கையில் சொட்டுச் சொட்டாகத் தீ ஒழுகும் ஒரு டின்னைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். தீ ஓரிடத்தை நிமிடங்களில் தாண்டிவிடும். நம் பக்கம் கொளுத்துகிறவர்களுக்கு இதில் எந்த நற்சான்றிதழும் இல்லை.

அந்தக் காட்டின் மரத்தையும் சொல்ல வேண்டும். லாங்லீஃப் பைன், ஊசியிலை ஒன்றரை அடி நீளம் வரை போகும். முளைத்த பிறகு சில வருடங்கள் அது மரமாகவே தெரியாது, ஒரு புல் கொத்து மாதிரி தரையோடு உட்கார்ந்திருக்கும். தீ வந்தால் நீண்ட இலைகள் எரிந்து நடுக்குருத்தைக் காப்பாற்றிக் கொடுக்கும். அதற்குள் வேர் ஆழமாக இறங்கிவிடும். பிறகு ஒரேயடியாக மேலே எழும். ஒரு காலத்தில் 9 கோடி ஏக்கரில் இருந்த இந்தக் காடு, வெட்டியும் தீயை நிறுத்தியும் 20-ஆம் நூற்றாண்டின் முடிவில் 30 லட்சம் ஏக்கர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. மிச்சம் இருப்பதில் மிக நல்ல துண்டுகள் சில இந்த வேட்டை எஸ்டேட்டுகளில்தான். உயிருள்ள பைன் மரத்தில் மட்டும் பொந்து குடையும் ஓர் அரிய மரங்கொத்தியும், தீ வந்தால் மற்ற பிராணிகளுக்கும் இடம் கொடுக்கும் வளைதோண்டி ஆமையும் அங்கே பிழைத்திருக்கின்றன.

1958-இல் அங்கே டால் டிம்பர்ஸ் என்ற ஆய்வு நிலையம் உருவானது. அதில் ஒரு துண்டு நிலத்தை 1960-களிலிருந்து எரிக்காமலே விட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் எரிக்கப்படும் இடம் பூங்கா போல வெளிச்சமாக, புல்லும் பூவுமாக இருக்கிறது. எரிக்காத துண்டோ இருண்டு, அகன்ற இலை மரங்கள் நெருக்கி, தரையில் புல்லே இல்லாமல் கிடக்கிறது. காடைக்கு அங்கே வேலை இல்லை. ஸ்டாடர்டின் புத்தகத்தைப் பற்றிப் பெரியவரிடம் கேட்டேன். “நல்ல புத்தகம் என்று சொல்வார்கள். என் தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் காற்றில் தீ வைக்கலாம் என்று துரைமார் அவரிடம்தான் கேட்பார்கள்” என்றார்.

இப்போதைய சிக்கல் வேறு. 1960-களிலிருந்து பார்த்தால் அமெரிக்காவில் பாப்வைட் எண்ணிக்கை 80 விழுக்காட்டுக்கும் மேல் விழுந்துவிட்டது. வேட்டையால் அல்ல, ஓரமே இல்லாத பெரிய வயல், தீ இல்லாத காடு, வீடமைப்பு. டலஹாசி வடக்கே வளர்ந்துகொண்டே வருகிறது. புதிதாக வீடு வாங்கியவர்கள் புகை வந்தால் புகார் செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். பல எஸ்டேட் குடும்பங்கள் தங்கள் நிலத்தில் இனி எந்தக் காலத்திலும் வீடு கட்டுவதில்லை என்று உரிமையையே விட்டுக்கொடுத்துப் பத்திரம் எழுதிவைத்திருக்கின்றன. வீடு வராது, சரி. தீ வைக்க ஆளும் செலவும் வேண்டுமே. அதற்கு இன்றைக்கு வரை பதில், அந்தப் பணக்காரர்களுக்குக் காடைப் பைத்தியம் இருக்கிறது என்பதுதான். அடுத்த தலைமுறைக்கு என்னைப் போல் சுடுவது பிடிக்காமல் போனால் தீயை யார் வைப்பார்கள்? பெரியவருடைய பேரன் அட்லாண்டாவில் கம்ப்யூட்டர் படிக்கிறான்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் தாமஸ்வில்லுக்குத் தெற்கே உள்ள பெபிள் ஹில் எஸ்டேட்டைப் பார்க்கலாம். 1983 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. மாளிகையைவிட நாய்க் கொட்டில்களும், நாய்களுக்கென்றே கட்டிய மருத்துவமனையும் பார்க்கத் தகுந்தவை. வேட்டைப் பருவம் பிப்ரவரிக் கடைசியோடு முடிகிறது. மார்ச்சில் போனால் சாலையோரத்தில் தீ மெதுவாக நடந்து போவதைக் காரில் இருந்தே பார்க்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் ஏப்ரலில் போங்கள். அதற்குள் கரித் தரையெல்லாம் பச்சையாகிவிடும்.